சந்தோஷம் என்னும் கூலி

திருகோணமலையில், பரிமாறியவர் கையில் பில் தொகைக்கு மேலே வைக்கப்படும் காசுக்குச் ‘சந்தோஷம்’ என்று பெயர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பில் இதே சொல்லைச் சொல்கிறார்கள். ‘டிப்ஸ்’ பிற்பாடு வந்தது. இனாம் அரபியிலிருந்தும் பக்‌ஷீஸ் பாரசீகத்திலிருந்தும் புறப்பட்டு, கப்பல் கட்டிய கரைகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டவை. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இந்தக் காசைக் ‘குடிப்பதற்கான பணம்’ என்ற பொருளில் அழைக்கிறார்கள்; வாங்குகிறவர் அதை என்ன செய்வார் என்பதை அந்தச் சொற்கள் பார்க்கின்றன. நம் சொல் கொடுக்கிறவரின் மனநிலையைப் பார்க்கிறது. அவர் மனம் குளிர்ந்தால் காசு உண்டு, குளிராவிட்டால் இல்லை. நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்த ஒருவரின் வரும்படியில் ஒரு பங்கு இன்னொருவரின் மனநிலையில் தொங்குவதை இந்த ஊர் எப்படி இயல்பென்று ஏற்றுக்கொண்டது? தாராள மனம் படைத்தவர்கள் இங்கே பெருகியதால் வளர்ந்த வழக்கமாக எனக்கு இது தோன்றவில்லை. துறைமுகத்துக்கும் கடற்கரைக்கும் வந்துபோகிறவர்களை நம்பிய தொழில்களில், முதலாளி சுமக்க வேண்டிய நட்டத்தைத் தொழிலாளியின் தலைக்கு மாற்றிய ஏற்பாடு இது என்பதே என் துணிபு.

விருந்தோம்பல் நம் பழைய பண்பு, அதனால் அன்பளிப்பும் பழையது என்று சொல்வோர் உண்டு. பழையதைப் பார்க்கப்போனால் வேறொன்று தெரிகிறது. கவிராச வரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் என்ற மன்னன் இவ்வூர்க் கோணேசர் கோயிலுக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் நூல். அதில் தானத்தார், வரிப்பத்தார் என்று தொழும்பு செய்யும் குடிகள் வகுக்கப்படுகிறார்கள். இன்ன குடிக்கு இன்ன வேலை, அதற்கு ஈடாக நிலமும் நெல்லும் இன்ன உரிமையும் என்று வரையறை வருகிறது. விளக்கேற்றுகிறவருக்குரிய பங்கு, வழிபட வந்தவரின் மனம் குளிர்ந்ததா என்பதைப் பொறுத்தது அல்ல. இதைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அந்த ஒழுங்கு சாதியால் கட்டப்பட்டது. பிறந்த குடிக்கு விதிக்கப்பட்ட வேலையை விட்டுப் போகும் சுதந்திரம் அங்கே இல்லை; அந்தக் குறை சிறிய குறையும் அல்ல. ஆனால் சேவைக்கு ஈடு என்பது பங்கு, அதைக் கேட்டு வாங்க இயலும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பழையது என்பதற்கு அது சான்று. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய பிறகும், தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் தொழும்பு முறை தொடர்ந்து வந்திருக்கிறது. ஆகவே ‘எங்கள் மரபு’ என்று சொல்லி அன்பளிப்பை நியாயப்படுத்துவோர் அந்த மரபின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார்கள். 1832இல் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் சட்டப்படி ஒழிந்தது. அது விடுதலைதான். ஆனால் நிலத்தோடு பிணைந்த பங்கு இருந்த இடத்தில், காசுக் கூலி எல்லோருக்கும் சமமாக வந்து உட்காரவில்லை. கடற்படைத் தளத்தில் பேர் பதிந்து சம்பளம் வாங்கியவர்கள் ஒரு பக்கம். அந்தத் தளத்தைச் சுற்றிப் படகோட்டியும், துணி வெளுத்தும், முடி வெட்டியும், வாடிவீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பரிமாறியும் பிழைத்தவர்கள் மறுபக்கம். இரண்டாவது கூட்டத்தின் வரும்படி, கப்பல் வந்திருக்கிறதா, வந்தவர் கையில் சம்பளக் காசு மிச்சம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளில் அடங்கியது. துறைமுகம் நிறைந்திருந்த நாட்களில் இதன் அநியாயம் கண்ணில் படாது. 1944 ஏப்ரலில், ஜப்பானியர் வசம் இருந்த சபாங் மீதான தாக்குதலுக்காகப் பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்து, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்கள் இந்த ஒரே குடாவிலிருந்து புறப்பட்டன. அப்படிப்பட்ட ஒரு பருவத்தில், மாதச் சம்பளத்தைவிடக் கைக்காசு மேல் என்று ஒரு பரிசாரகர் நினைத்திருந்தால் அது பிழையான கணக்கு அல்ல. கணக்கின் மறுபாதி 1957 ஒக்டோபரில் வந்தது. பண்டாரநாயக்கா அரசாங்கத்துடனான உடன்பாட்டின்படி பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்தது. தளத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கு மனு எழுதவாவது ஒரு மேலிடம் இருந்தது. மாலுமியின் சட்டைப்பையை நம்பி இருந்தவர் யாருக்கு எழுதுவார்? சந்தோஷத்துக்கு இழப்பீடு கேட்கும் வழி எந்தச் சட்டத்திலும் இல்லை.

இது திருகோணமலைக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, புல்மன் கம்பனி தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாளர்களாகக் கறுப்பினத்தவரையே பெருமளவில் அமர்த்தியது. சம்பளம் மிகக் குறைவு. மீதியைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பது கம்பனியின் கணக்கு. விடுதலை பெற்றவர்களின் உழைப்பைப் பெறவும் வேண்டும், முழு விலை கொடுக்கவும் கூடாது என்ற இடத்தில் அன்பளிப்பு கைகொடுத்தது. அதே நாட்டில் 1909இல் வாஷிங்டன் மாநிலம் அன்பளிப்பையே சட்டத்தால் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926க்குள் எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டன. சம்பளத்தைத் தொடாமல் கைக்காசை மட்டும் நிறுத்தும் சட்டத்தால் தொழிலாளிக்கு என்ன பயன்? புல்மன் பணியாளர்கள் வேறு வழியில் போனார்கள். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 12 ஆண்டுகள் போராடி, 1937இல் கம்பனியோடு ஊதிய ஒப்பந்தம் செய்தார்கள். ஆனாலும் உணவகத் தொழிலில் பழைய கணக்கு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்பளிப்பு வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சம் 1991 முதல் மணிக்கு 2.13 டொலரில் நிற்கிறது.

இலங்கை வேறு பாதையில் போயிருக்கிறது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஹோட்டல், உணவு வழங்கல் தொழிலுக்கென்று தனிச் சம்பளச் சபை உண்டு. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்து, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடற்கரை ஹோட்டல்கள் எழுந்த காலத்துக்குப் பிறகு, பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ப்பது ஹோட்டல்களின் வழக்கமாக வேரூன்றியது. சேரும் தொகையைப் பரிமாறுகிறவர் மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. சமையற்கட்டில் வேகிறவரும், துணி மடிப்பவரும், தோட்டக்காரரும் பங்கு பெறுகிறார்கள். விருந்தாளியின் கண்ணில் படாதவரையும் கணக்கில் சேர்ப்பதால், மேசையில் வைக்கும் காசைவிட இது நீதியானது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் அது சரியாகத் தெரியும். ஆனால் பங்கு என்று பேர் பெற்ற ஒன்றைத் திரும்பவும் ‘விரும்பினால் கொடுங்கள்’ என்ற இடத்துக்கே கொண்டுபோய் விடும் வேலையையும் அது சேர்த்தே செய்தது.

அப்படியானால் இலங்கையில் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம். திருகோணமலையின் நாட்காட்டி வேறு. இங்கே கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. ஒக்டோபரில் வடகீழ்ப் பருவமழை நெருங்கியதும் புறாத்தீவுப் படகுகள் கரையேறும், அறைகள் வெறிச்சோடும். ஆண்டுக்கு 12 மாதம் வாடகையும் அரிசியும் பள்ளிச் செலவும் இருக்கிற ஒருவரின் வரும்படியில் பெரிய பங்கு விருந்தாளிகளின் பில்லிலிருந்து வந்தால், அவருக்கு 5 மாதம் சம்பளமும் 7 மாதம் அரைச் சம்பளமும் என்று ஆகிறது. பருவம் கடந்த அதிர்ச்சிகளும் இந்தக் கரைக்கு வந்திருக்கின்றன. 1983 ஜூலைக்குப் பிறகு கிழக்கில் சுற்றுலா முடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நிலாவெளியை அள்ளிப் போனது. 2018இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்து 33 ஆயிரத்துக்கும் மேல். 2020இல் 5 இலட்சத்து 7 ஆயிரம், 2021இல் 1 இலட்சத்து 94 ஆயிரம். பயணி வராத மாதத்தில் 10 சதவீதம் என்பது பூச்சியத்தில் 10 சதவீதம். வரவு நன்றாக இருக்கும் ஆண்டில் மிஞ்சும் இலாபம் முதலாளிக்கு. வரவு இல்லாத ஆண்டின் நட்டத்தில் மட்டும் தொழிலாளிக்கும் பங்கு. 1957இல் படகோட்டிக்கு நேர்ந்ததும் இதுதான்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது சின்னக் கடைக்காரருடையது. துறைமுக வீதியிலோ பேருந்து நிலையத்தை ஒட்டியோ 5 பேரை வைத்து இடியப்பமும் கொத்துரொட்டியும் விற்கிறவர், மாவும் எரிவாயுவும் விலை ஏறிய பிறகு சம்பளத்தை எங்கிருந்து கூட்டுவார் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய கடையில் சந்தோஷம் என்பதே மிகச் சொற்பம். தேத்தண்ணி குடித்தவர் மீதிச் சில்லறையை விட்டுப்போவார், அவ்வளவுதான். அந்தச் சில்லறை நின்றால் கடை மூடாது, இருந்தால் பரிசாரகரின் வீடு நிமிரவும் போவதில்லை. என் வாதம் பெரிய பில்களைப் பற்றியது. இன்னொரு மறுப்பு, கைக்காசு இருந்தால்தான் கவனிப்பு நன்றாக இருக்கும் என்பது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, சேவையின் தரத்துக்கும் அன்பளிப்பின் அளவுக்கும் உள்ள உறவு மிகப் பலவீனமானது என்று கண்டார். மக்கள் பெரும்பாலும் வழக்கத்துக்காகக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் கோயில் அன்னதானத்திலும் கல்யாணப் பந்தியிலும் பரிமாறுகிறவர் ஒரு சதமும் எதிர்பாராமல்தான் இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறார்.

மனித உறவைக் கணக்காக மாற்றிவிடுகிறாய் என்ற மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கொடுப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் கொடை உரிமையாக மாறும்போது உறவு கெட்டுவிடும் என்பதற்கு நம் சட்டப் புத்தகமே பதில் சொல்கிறது. ஆங்கிலத்தில் அன்பளிப்புக்கும், வேலையை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் தொகைக்கும் ‘கிராஜுவிட்டி’ என்று ஒரே சொல். தமிழில் இரண்டாவதைப் பணிக்கொடை என்கிறோம். அதிலும் கொடை இருக்கிறது. அதுவும் முதலில் முதலாளியின் மனம் குளிர்ந்தால் கிடைத்த காசுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை உரிமையாக்கியது. 15 பேருக்குக் குறையாத தொழிலிடத்தில் 5 ஆண்டு வேலை செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கு வந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவு அதனால் வறண்டுபோனதாக யாரும் குறை சொல்லவில்லை. பணிக்கொடையைக் கணக்கிடும்போது அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும் பார்க்கப்படும். விருந்தாளி கையில் வைத்த காசு பார்க்கப்படாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 சதவீதத்திலும் அந்தக் காசுக்கு இடமில்லை. 20 ஆண்டு சந்தோஷம் வாங்கியவர் வேலையை விட்டுப் போகும்போது, அந்த 20 ஆண்டுச் சந்தோஷத்துக்கும் எதிராக அவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் தொகை ஏதுமில்லை.

ஆகவே இந்தக் கரைக்கு வேண்டியது பெரிய புரட்சி அல்ல. பருவ மாதங்களில் சேரும் சேவைக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி மழைக்கால மாதங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது, அது குறையும் மாதத்துக்கு ஒரு கீழ் எல்லை வைத்து மீதியை முதலாளி நிரப்புவது, இரண்டையும் நியமனக் கடிதத்திலேயே எழுதிக் கொடுப்பது. அப்படி எழுதிக் கொடுத்த ஹோட்டலில், ஒக்டோபர் மழைக்குள் வந்து சாப்பிட்டுப் போகும் ஒரு விருந்தாளி தட்டின் ஓரத்தில் 100 ரூபாய் வைத்துவிட்டுப் போனால், அதைச் சந்தோஷம் என்று அழைக்க எனக்குத் தடையில்லை.