கண்ணால் பார்க்க 282 வருடம்: கவுட் மூட்டுவலியின் கதை

அப்பாவின் முழங்காலிலிருந்து ஊசியால் எடுத்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, "நீங்களும் வந்து பாருங்க" என்றார் மூட்டுநோய் டாக்டர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். சிவந்த பின்னணியில் மெல்லிய ஊசிகள். சில மஞ்சள், சில நீலம். தகட்டைத் திருப்பினால் மஞ்சள் நீலமாகிறது, நீலம் மஞ்சளாகிறது. "இதுதான் உங்க அப்பாவோட வலி" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்கு முன் ஆறு வருடம் போயிருந்தது.

முதல் தடவை வலது கால் பெருவிரல். ராத்திரி நன்றாகத் தூங்கப் போனவர் விடியற்காலை அலறிக்கொண்டு எழுந்தார். விரல் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போகிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் வலி ஊசி போட்டார்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சில மாதம் கழித்து மறுபடியும் வந்தது. பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். வலி உச்சத்தில் இருந்த ஒரு நாளில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்த்தார்கள். நார்மல். "அப்ப கவுட் இல்லீங்க, வயசான தேய்மானம்தான்" என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களின் தீர்ப்பு வேறு: "கறியக் கண்டபடி தின்னா இப்படித்தான்." அப்பா கறி சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள். குடி கிடையாது. ஆனாலும் யாராவது காலைப் பார்த்து விசாரித்தால், "தடுக்கி விழுந்துட்டேன்" என்று பொய் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பொய்தான் என்னை இந்த வரலாற்றைத் தேட வைத்தது.

முதலில் மூட்டு

மூட்டு என்றால் வெறும் கீல் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது மூடிய ஒரு பை. எலும்புகளின் முனையில் வழுவழுப்பான குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அதனால் குருத்தெலும்புக்கு நேரடியாக வலிக்காது. சுற்றிலும் உறை, உறையின் உள்பக்கம் மெல்லிய சவ்வு. இந்தச் சவ்வு சுரக்கும் பிசுபிசுப்பான நீர்தான் மூட்டுக்கு எண்ணெய், குருத்தெலும்புக்குச் சாப்பாடு. இவ்வளவு பெரிய முழங்காலிலேயே அந்த நீர் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். வலிப்பதெல்லாம் உறையும், சவ்வும், எலும்பும், சுற்றியுள்ள தசைநார்களும்.

ஆக, மூட்டு வலிக்கு வழிகள் பல. குருத்தெலும்பு தேய்ந்து அடியிலுள்ள எலும்பு பாதிக்கப்படலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சவ்வைத் தாக்கலாம். முடக்குவாதம் அப்படித்தான் வருகிறது. கிருமி உள்ளே போகலாம். அல்லது, அப்பாவுக்கு நடந்ததுபோல, பைக்குள் உப்பு படியலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கிலும் வீக்கம், வலிதான். உள்ளே நடப்பது நான்கு வேறு கதைகள். எல்லாவற்றையும் சேர்த்து நாம் 'வாதம்', 'வாயு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சொட்டு, பொறி, பேய்

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 'கவுட்' என்ற சொல் 'சொட்டு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உடம்பின் கெட்ட நீர் சொட்டுச் சொட்டாக மூட்டில் இறங்குகிறது என்பது அந்தக் கால நம்பிக்கை. கிரேக்கர்கள் பெருவிரல் வலியை 'பொடாக்ரா' என்றார்கள். காலைப் பிடிக்கும் பொறி என்று அர்த்தம். எலிப்பொறியில் விரல் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இது வருவதில்லை என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூல்கள் அப்போதே கவனித்துச் சொல்லியிருக்கின்றன. பெண்களின் ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்ற உதவுகிறது என்ற விளக்கம் கிடைக்க இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆனது.

1683ல் லண்டன் மருத்துவர் தாமஸ் சிடனம் கவுட் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரே பல வருட நோயாளி. நடுராத்திரி விழிப்பு, போர்வையின் பாரம்கூடத் தாங்காதது, அறையில் யாராவது நடந்தாலே வலிப்பது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். படித்தபோது எங்கள் வீட்டு ராத்திரியை யாரோ ஜன்னல் வழியே பார்த்து எழுதியதுபோல இருந்தது. 1799ல் ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் வீங்கிய காலில் பல்லைப் பதித்திருக்கும் ஒரு கறுத்த குட்டிப் பேயை வரைந்தார். அதுவும் சரியான வர்ணனைதான்.

ஆனால் காரணம் அதற்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. 1679ல் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹுக், கவுட் கட்டியிலிருந்து வந்த சுண்ணாம்பு போன்ற பொருளைத் தன் கையால் செய்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சுண்ணாம்புத் தூள் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு முனையும் கூரான நுண்ணிய ஊசிகள் இருந்தன. அவை என்ன பொருள் என்று சொல்ல அன்று வேதியியலே இல்லை. 1776ல் ஸ்வீடனின் ஷீலே சிறுநீர்க் கல்லிலிருந்து யூரிக் ஆசிட்டைப் பிரித்தார். கவுட் கட்டியில் இருப்பதும் அதன் உப்புதான் என்று 1797ல் வொலாஸ்டன் காட்டினார்.

ஒரு நூலிழை

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஆல்ஃப்ரெட் கேராட். கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகம் என்று 1848ல் சொன்னார். கொஞ்ச காலத்தில் அதைப் பார்க்க எளிய வழியும் கண்டுபிடித்தார். நோயாளியின் ரத்தத்தில் தெளிந்த நீரைத் தட்டையான கண்ணாடியில் ஊற்றி, அசிட்டிக் அமிலம் சேர்த்து, லினன் நூல் ஒரு இழையைப் போட்டுவிட்டு ஓரிரு நாள் காத்திருக்க வேண்டியதுதான். யூரிக் ஆசிட் அதிகமிருந்தால் நூலில் படிகம் கட்டும். கற்கண்டு செய்யும்போது நூலில் சர்க்கரை பிடிக்குமே, அப்படி. நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் ஒரு வேதிப்பொருளைத் தேடியதில் மிக ஆரம்பகாலச் சோதனைகளில் இது ஒன்று.

1859ல் வெளிவந்த புத்தகத்தில் இன்னொரு படி போனார். மூட்டில் படியும் யூரேட் வீக்கத்தின் விளைவு இல்லை, அதுதான் காரணம் என்றார். முடக்குவாதத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் பெயரை வைத்து, கவுட்டிலிருந்து அதைப் பிரித்ததும் இவர்தான்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1899ல் ஃப்ராய்ட்வைலர் என்பவர் படிகத்தை ஊசி மூலம் செலுத்தினால் வீக்கம் வருகிறது என்று காட்டினார். அதையும் மருத்துவ உலகம் மறந்துபோனது.

தங்கள் முழங்காலிலேயே

1961ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டேனியல் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும் நோயாளிகளின் மூட்டு நீரை முனைவாக்கிய ஒளியில் பார்த்தார்கள். கண்ணாடிகளில் கூச்சத்தைக் குறைக்கப் போடும் போலராய்டு வடிகட்டியின் அதே தத்துவம். இந்த ஒளியில் யூரேட் ஊசிகள் ஜொலிக்கும். லேவன்ஹுக் பார்த்து 282 வருடம் கழித்து, அதே ஊசிகள் நோயைக் கண்டறியும் சோதனையாயின.

அடுத்த வருடம் மெக்கார்ட்டியும் ஜேம்ஸ் ஃபேர்ஸும் செய்ததுதான் கதையின் உச்சம். யூரேட் படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் இருவருக்கும் வீக்கமும் கடும் வலியும். வியாதி இல்லாத முழங்காலில் படிகத்தைப் போட்டால் கவுட் வருகிறது. கேராட் சொன்னது சரி.

படிகம் எப்படி வீங்க வைக்கிறது என்பது 2006ல் தெளிவானது. நம் வெள்ளணுக்கள் ஊசியை விழுங்குகின்றன. உள்ளே இருக்கும் ஒரு அபாய மணி அடிக்கிறது. இன்டர்லூகின்-1 என்ற செய்தி வெளியே போகிறது, மேலும் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஓடி வருகின்றன. பெருவிரல் ஏன்? யூரேட் கரைசல் குளிர்ந்தால் படியும். இதயத்திலிருந்து தூரத்தில், உடம்பிலேயே சில்லென்று இருக்கும் இடங்களில் ஒன்று கால் விரல்.

வலி உச்சத்தில் ரத்த அளவு தற்காலிகமாக இறங்கி நார்மல் காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் ஆறு வருடத்தைத் தின்றது இந்த ஒரு வரிதான்.

யார் குற்றம்?

'ராஜாக்களின் நோய்', தின்று கொழுத்தவன் வியாதி என்ற பெயர் கவுட்டுக்கு எப்போதும் உண்டு. ஆனால் கேராடின் லண்டன் ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளில் பெயின்டர்களும் பிளம்பர்களும் நிறைய. தினமும் ஈயத்தோடு புழங்கியவர்கள். ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், யூரிக் ஆசிட் வெளியேறாது. தின்ற கொழுப்பு எங்கே வந்தது இதில்?

இன்னும் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் ஆசிட்டை மேலும் உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. நம் குரங்கு மூதாதையர்களிடம் ஒன்றரைக் கோடி வருடம் முன்பு வாக்கில் அந்த மரபணு செயலிழந்துவிட்டது. அதனால் நாம் எல்லாருமே விளிம்பில் நிற்கிறோம். உடம்பில் உருவாகும் யூரிக் ஆசிட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்த அணுக்கள் சிதைவதால் வருவது, சாப்பாட்டால் இல்லை. கவுட் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கோளாறு சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததுதான். அது பெரும்பாலும் பரம்பரை. பீரும் ஈரலும் நெருப்பில் எண்ணெய் ஊற்றும், மறுக்கவில்லை. ஆனால் நெருப்பு ஏற்கனவே இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பனுக்கும் கால் இப்படித்தான் வீங்கும் கண்ணு" என்றார்.

செங்காந்தள்

டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று அலோபியூரினால். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்று உடம்பில் சீக்கிரம் அழிந்துவிடுவதைத் தடுக்கத் தேடியபோது கிடைத்தது. அது யூரிக் ஆசிட் உருவாவதையும் தடுத்தது. முனைவர் பட்டம் முடிக்காத எலியனுக்கு, இன்னும் பல மருந்துகளுக்காகவும் சேர்த்து, 1988ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மற்றொன்று கால்ச்சிசின். ஆறாம் நூற்றாண்டு பைசாண்டிய மருத்துவர்கள் கால்ச்சிகம் என்ற செடியின் கிழங்கை இதே வலிக்குக் கொடுத்தார்கள். 1820ல் பிரான்சில் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். வெள்ளணுக்கள் நகரத் தேவையான உள்சாரத்தைக் குலைத்து, அவை மூட்டுக்கு ஓடி வருவதைத் தடுக்கிறது. அளவு கொஞ்சம் தப்பினால் விஷம்.

இதே கால்ச்சிசின் இன்னொரு கொடியிலும் இருக்கிறது. நம் மாநில மலர் செங்காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது. பெண்களின் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்ன பூ, விரல் மூட்டு வலிக்கே மருந்து வைத்திருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கம்பி கட்டிப் பயிர் செய்கிறார்கள். விதை ஏற்றுமதியாகிறது. அந்தப் பக்கத்துக்காரரான அப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "அட, நம்ம கண்வலிக்கிழங்கா? ஆடு மாடு தின்னா செத்துப்போயிருமே!" ஆமாம், அதேதான். அதனால் தயவுசெய்து யாரும் கிழங்கைத் தோண்டி வைத்தியம் பார்க்க வேண்டாம். தெரியாமல் தின்று உயிர் விட்ட மனிதர்களும் உண்டு.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் மறுபடியும் வலி. "இந்த மாத்திரைதான் வலியக் கொண்டாந்துச்சு" என்று அப்பா டப்பாவைத் தூக்கி எறியப் போனார். ஒருவகையில் அவர் சொன்னது சரி. அளவு இறங்கும்போது பழைய படிவுகள் கலைந்து தாக்குதலைத் தூண்டும். அதற்குத்தான் சிறு அளவில் கால்ச்சிசின் துணைக்கு. டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் டப்பா பிழைத்தது. நிறைய பேர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். அளவை 6 மில்லிகிராமுக்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் ஊசிகள் மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ அப்பாவிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். தடுக்கி விழுந்த கதை வரும் என்று நினைத்தேன். "எனக்குக் கவுட்டுங்க. எங்க பரம்பரைல உண்டு. மாத்திரை சாப்பிடறேன்" என்றார்.

சொல்லிவிட்டுப் பந்திக்கு நடந்தார். சாதாரணமாக.