குன்றும் ஏரியும் கூறும் வரலாறு

தஞ்சை நாட்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பதில் ஓர் எளிமை உண்டு. ஓர் இடர்ப்பாடும் உண்டு. பெரிய கோயில் விமானத்தை நாள்தோறும் காணும் மாணவனுக்கு இராசராசன் பெருமையை விளக்கப் பெருநூல் வேண்டுவதில்லை. ஆனால், முடிந்து நிற்கும் பெருஞ்செயல்களையே கண்டு வளர்ந்த அம்மாணவன், வரலாறு என்பது கட்டியவர்களின் கதை மட்டுமே என்று எண்ணிவிடுகிறான். கட்டியதைக் காத்தவர் யார், பழுதுற்றபோது திருத்தியவர் யார் என்னும் வினா அவன் உள்ளத்தில் எழுவதில்லை. இவ்வினாவுக்கு விடை தரும் நாடு ஒன்று தஞ்சைக்கு அருகிலேயே இருக்கிறது. நான் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு காலாண்டு விடுமுறையில், என் துணைவியாருடனும் மகனுடனும் பேரப்பிள்ளைகள் இருவருடனும் அந்நாட்டை நடந்தே கண்டுவந்தேன்.

அது புரட்டாசித் திங்களின் பிற்பகுதி. கார்ப்பருவம் கழிந்து கூதிர் வரவிருந்த காலம். கழனிகளில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. தஞ்சை நகரில் ஓடும் புது ஆற்றைக் கடந்து தென்மேற்கே நடந்தோம். கல்லணைக் கால்வாய் எனப்படும் இப்புது ஆறு, 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்திய மேட்டூர் அணைத் திட்டத்தைச் சார்ந்தது. வல்லத்தை அணுகும்போதே நிலம் மேடாகிறது; கரிய வண்டல் மறைந்து செம்மண் தோன்றுகிறது. மூக்குக் கண்ணாடிக்குப் பெயர்பெற்ற வல்லத்துப் படிகக்கல் கிடைத்தது இம்மேட்டு நிலத்தில்தான். செங்கிப்பட்டி, கீரனூர் வழியே சென்றால் புதுக்கோட்டைச் சீமை. 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசு அது. 1974 முதல் தனி மாவட்டம்.

ஆறுகளையே கண்டு பழகிய என் பேரன், பச்சை வயல் நடுவே நின்று, "தாத்தா, இங்கே ஆறு இல்லையே, இந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று வினவினான். ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "வானத்திலிருந்து வருகிறது, தம்பி. வந்ததைப் பிடித்து வைத்தால் உண்டு, விட்டுவிட்டால் இல்லை" என்றார். அச்சீமையின் பொருளாதார வரலாறு முழுவதும் அவ்விரண்டு தொடர்களில் அடங்கிவிட்டது எனலாம்.

பிடித்து வைத்த நீரை அளந்து விடுவதற்கு முன்னோர் கண்ட கருவி குமிழித் தூம்பு. ஏரியின் உட்புறத்தே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் எழுந்து நிற்கும். அவற்றின் அடியில் கல்தொட்டி ஒன்று உண்டு. தொட்டியின் மேலுள்ள பெரிய துளை நீரோடி. பக்கத்திலுள்ள சிறு துளைகள் சேறோடி. நீரோடியை அடைத்திருக்கும் அடைப்பைத் தூக்கினால், தெளிந்த நீர் மேலிருந்தும் வண்டல் கலந்த நீர் கீழிருந்தும் புகுந்து, கரைக்கு அடியிலுள்ள கால்வாய் வழியாக வயலுக்குச் செல்லும். பயிருக்கு நீரும் உரமும் ஒருங்கே கிடைக்கும். ஏரியும் ஓரளவு தூர்ந்துபோகாமல் காக்கப்படும். இத்தூம்புகள் பலவற்றில் கல்வெட்டுகளும் உள்ளன.

நான்காம் நாள் நார்த்தாமலையை அடைந்தோம். பாறைக் குன்றுகள் சூழ, அவற்றின் அடியில் ஏரிகள் விளங்கும் அவ்வூர், பண்டு வணிகர் வாழ்ந்த பெருநகரம். மேலமலையின் சரிவில் மேற்கு நோக்கி நிற்கிறது விசயாலய சோழீச்சுரம். கி.பி. 850-ஐ ஒட்டி விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவனுக்குமுன் தஞ்சைப் பகுதியில் செல்வாக்குடன் விளங்கியவர் முத்தரையர். விசயாலயன் பெயர் தாங்கிய இக்கோயிலை முதலில் எடுத்தவன், சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன், முத்தரையர் குலத்தவன். மழையால் அது இடிந்தபின், மல்லன் விதுமன் என்பவன் புதுப்பித்தான். இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டே கூறுகிறது. கட்டியவன் பெயருக்கு அருகிலேயே பழுது பார்த்தவன் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணுங்கள்!

மறுநாள் சித்தன்னவாசல். குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் பக்கத்தேயுள்ள பிராமி எழுத்துகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையவை. கீழே அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டுள்ளது: மீனும் எருமையும் யானையும் பறவையும் பூக்கொய்வோரும் நிறைந்த பொய்கை. மழையை நம்பி வாழ்ந்த நாட்டில், நீர் நிறைந்த பொய்கையே பேரின்பத்தின் வடிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், இக்கோயிலைத் திருத்தி முகமண்டபம் சேர்த்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். 'ஆசிரியன்' என்னும் சொல்லைக் கேட்டதும் என் பேத்தி என்னைப் பார்த்து நகைத்தாள். அந்நகைப்பில் எனக்கும் சிறிது பெருமை இருந்தது.

மாணவச் செல்வங்களே, இப்போது ஆற்று நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணலால் மேடிட, நீர் கொள்ளிடத்திலேயே மிகுதியாகப் பாய்ந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை அமைத்திராவிடில், தஞ்சைக் கழனிகள் பெரிதும் வாடியிருக்கும். அவ்வணையில் 2018-ஆம் ஆண்டு ஆகத்து 22-ஆம் நாள் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டது. ஆறும் ஏரியைப் போலவே பேணப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மேட்டூரில் ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது வழக்கமாயினும், நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போவதைக் கடைமடை உழவர் நன்கு அறிவர்.

ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். 2017-இல் தமிழ்நாட்டரசு அப்பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எனினும், வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் ஆழப்படுத்திய ஏரியும் வெறுங்குழியே. அதனைக் கண்டு சொல்ல ஊரில் நடந்து திரியும் கண்கள் வேண்டும். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் ஏரியையோ வாய்க்காலையோ தலையிலிருந்து கடைவரை நடந்து பாருங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபடுகிறது, மதகுக்கல்லில் எழுத்து உளதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சாத்தன் பூதியைப்போல் புதியது ஒன்றை எடுக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. மல்லன் விதுமனைப்போல் இடிந்ததை எடுத்து நிறுத்தும் வாய்ப்போ ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு.