எடைக்குப் போட்ட டிரங்குப் பெட்டி

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வெட்கம் வந்து தடுத்துவிடும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி கொட்டுகிறது, நியூ ஜெர்சியில் வீட்டை விட்டு நகர முடியாது. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஊர் மைசூர்ப் பக்கம் ராமாபுரம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பள்ளிக்கூடத்திலும் கன்னடம்தான். எங்கள் வீட்டில் தமிழ் எழுத்து என்று ஒன்று இருந்தது என்றால், அது தாத்தா வரவழைத்த வாரப் பத்திரிகைகளால்தான். மைசூரிலிருந்து பஸ்ஸில் வரும். ஒன்றிரண்டு நாள் தாமதமாக வரும். எங்கள் வீட்டில் படித்து முடித்ததும் இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு, ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தக் கறைகளுக்கு நடுவில்தான்.

2011-ல் அப்பா காலமான பிறகு, அம்மா பெங்களூரில் தம்பியோடு இருப்பது என்று முடிவானது. ராமாபுரம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு நாள் அம்மா போன் செய்தார்.

"பரண் மேல தாத்தாவோட டிரங்குப் பெட்டி ரெண்டு இருக்குடா. ஒண்ணுல பைண்டு பண்ண புஸ்தகம். இன்னொண்ணுல ஒரே பழைய பேப்பர், நோட்டீஸு, கல்யாணப் பத்திரிகை. என்ன பண்றது?"

நான் ஆபீஸில் ஒரு மீட்டிங்குக்கு ஓடிக்கொண்டிருந்தேன். "பைண்டிங் எல்லாம் எடுத்து வைம்மா. மத்ததை எடைக்குப் போட்டுடு" என்றேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுநாள் பழைய பேப்பர்காரர் வந்தார், தராசில் நிறுத்தார், காசைக் கொடுத்தார், சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் தப்பான பெட்டியைக் காப்பாற்றினேன் என்பது எனக்குப் புரிய நாலைந்து வருடம் ஆனது.

முதலில் அந்த பைண்டிங் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. மூன்றரை வருடம், வாராவாரம், மணியம் அவர்களின் படங்களோடு. உங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும். வாரம் தவறாமல் பின்னைப் பிரித்து, தொடர்கதை வந்த தாள்களை மட்டும் உருவி எடுத்துச் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டரிடம் போகும். எங்கள் தாத்தா மைசூரில் ஒருவரிடம் கொடுப்பார். கெட்டி அட்டை, முதுகில் காலிக்கோ துணி, அதன் மேல் பொன்னெழுத்தில் கதையின் பெயர். வீட்டுக்கு வருகிறவர்கள் இரவல் கேட்டால் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டுதான் தருவார்.

இதில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தொடர்கதையை உருவிய பிறகு மிச்சப் பத்திரிகை என்ன ஆனது? அட்டைப்படம், தலையங்கம், சினிமா விமர்சனம், வாசகர் கடிதம், தைல விளம்பரம், சோப்பு விளம்பரம், வேறு யாரோ எழுதிய சிறுகதை... எல்லாம் அடுப்பங்கரைக்கும் மளிகைக் கடைப் பொட்டலத்துக்கும் போனது. தமிழ்க் குடும்பங்கள் தொடரைக் காப்பாற்றின, இதழைத் தொலைத்தன. ஆயிரக்கணக்கான வீடுகளில் இது நடந்திருக்கிறது, அதுவும் மிகுந்த அன்போடு!

தொலைந்தால் என்ன என்று கேட்கலாம். 'பொன்னியின் செல்வன்' இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆன பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அந்த வாரத்து மிச்சப் பக்கங்களை யாரும் மறுபடி அச்சிடவில்லை. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-லேயே போய்விட்டார். எழுதியதில் கணிசமானது புத்தகமாகாமல் பத்திரிகைகளிலேயே கிடந்தது, சிலது புனைபெயரில். ஆ. இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைத் தேடித் தேடிப் புரட்டிய பிறகுதான், 1998-ல் 'அன்னை இட்ட தீ' என்ற தொகுப்பும், 2000-ல் கதைகளின் செம்பதிப்பும் வந்தன. யாரோ ஒருவர் அந்த இதழ்களைக் கிழிக்காமல் முழுதாக வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

யார் அப்படி வைத்திருந்தார்கள்? இங்கேதான் பழைய புத்தக வியாபாரம் வருகிறது.

சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக்கிளி, மரச்சாமான் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்ற இடம். வீடுகளிலிருந்து எடைக்குப் போன காகிதத்தில் ஒரு பகுதி ஆலைக்கோ பொட்டலத்துக்கோ போகாமல், நடுவில் ஒருவர் கண்ணில் பட்டு, இப்படிப்பட்ட கடைகளுக்கு வந்து சேரும். எடைக்கு வாங்குகிறவருக்குத் தாள் வெறும் தாள். பழைய புத்தகக் கடைக்காரருக்கு அது முதல் பதிப்பா, அட்டை இருக்கிறதா, தீபாவளி மலரா, வருடத்து இதழ்கள் விடாமல் வரிசையாக இருக்கின்றனவா என்பது முக்கியம். அதை வைத்து அவர் ஒரு விலை சொல்வார். அந்த விலைதான் அந்தத் தாளின் உயிரைக் காப்பாற்றியது. விலை இல்லாதது பொட்டலம் ஆனது. வியாபாரி என்றால் நமக்கு ஒரு இளப்பம் உண்டு. இந்த விஷயத்தில் அது நியாயமே இல்லை.

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அதற்கு நாலு வருடம் முன்பு, 1981-ல், அதே மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. முன்னது கடைத்தெரு, பின்னது ஓர் இனத்தின் அறிவுச் சேமிப்பின் மேல் வேண்டுமென்றே வைத்த தீ. இரண்டையும் ஒன்றாக நிறுத்த மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் பிறகு மிஞ்சியது ஒன்றுதான். தனித்தனி வீடுகளில், தனித்தனி ஆட்கள் கையில் சிதறிக் கிடந்த பிரதிகள். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறதே, அதற்கும் யாரோ எங்கோ பத்திரமாக வைத்திருந்த பிரதிதான் ஆதாரம்.

சரி, அந்த மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கடி வந்து போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். இளவயதில் சென்னைக்கு வந்து கடைப் பெயர்ப்பலகை எழுதும் தொழில் கற்றுக்கொண்டவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, ஜமீன்தாரும் அல்ல. பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டதை வாங்க ஆரம்பித்து, கடைசியில் கோட்டையூர் வீடு முழுக்க நூல்களும் இதழ்களுமாகச் சுமார் ஒரு லட்சம் சேர்த்துவிட்டார். எனக்கு ஆச்சரியம் எண்ணிக்கையில் இல்லை. அவர் நூலோடு நிறுத்தவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், துண்டுப் பிரசுரம் என்று எதையும் விடவில்லை.

அதாவது, நான் போனில் எடைக்குப் போடச் சொன்னேனே, அந்த இரண்டாவது பெட்டிதான் அவர் வீடு முழுக்க இருந்தது.

1992-ல் அவர் காலமானார். அவ்வளவு தாளையும் ஒரு குடும்பம் என்ன செய்யும்? பிரித்து விற்றிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போயிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தச் சேகரிப்பையும் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்பதுதான் நல்ல செய்தி. மொழி அறக்கட்டளையோடு சேர்ந்து 1994-ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அமைத்தார்கள். இன்று அது தரமணியில் இருக்கிறது. அமெரிக்கப் பணத்தில் வாங்கிய தமிழ்த் தாள் தமிழ்நாட்டிலேயே தங்கியது.

சிகாகோ என்றதும் எங்கள் மைசூர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஏ. கே. ராமானுஜன், 1929-ல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது ராமாபுரத்து வாசல்படி ஞாபகம் வந்தது எனக்கு. அவர் சிகாகோவில் இருந்தபோது, 1962-ல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறைக்குப் போனார். அங்கே பட்டியலில் ஏறாமல் தூசி படிந்து கிடந்த புத்தகங்களுக்கு நடுவில் உ. வே. சாமிநாதையரின் 1937-ஆம் வருடத்துக் குறுந்தொகைப் பதிப்பு கையில் தட்டுப்பட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 1967-ல் வந்த அவருடைய மொழிபெயர்ப்பு. சங்கப் பாட்டை உலகமெங்கும் கவிதையாகப் படிக்க வைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மைசூரில் பிறந்த தமிழர், தன் பாட்டன் சொத்தை சிகாகோ நிலவறையில் கண்டெடுத்திருக்கிறார்!

மைசூரிலேயே இதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. 1891-ல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரி நூலகராக இருந்தபோது, 1905-ல் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்த அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். தொலைந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த நூல், 1909-ல் மைசூரில் அச்சாயிற்று. அந்தப் பண்டிதர் வீட்டிலும் ஒரு பரண் இருந்திருக்க வேண்டும். அவர் வீட்டார் அதை ஆற்றில் விடவில்லை, அடுப்பில் போடவில்லை, அவ்வளவுதான்.

நிற்க. உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

பழைய வாரப் பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலேயே அமிலம் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் மஞ்சளாகி, அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓடு வேய்ந்த பரண் அதற்கு எமன். கரையானும் ராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். (ராமாபுரத்தில் ராமபாணம் இல்லாமலா!) எனவே கீழே இறக்கி, தரையில் படாமல், படுக்கை வசமாக, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். துருப்பிடித்த பின் இருந்தால் பொறுமையாக எடுத்துவிடுங்கள். அட்டை, தேதி, அச்சகத்தின் பெயர் இருக்கும் பக்கம் மூன்றையும் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பதும் பாவமில்லை. ஆனால் எடைக்குப் போடும் முன் பழைய புத்தகம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு நூலகத்திடம் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். பைண்டு செய்த தொடரைவிட, அட்டையோடு இருக்கும் ஒற்றை இதழுக்கு மதிப்பு அதிகமாக இருக்கலாம். இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடிகளும் ஆவணங்களும் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. தனியார் யாரும் அவற்றை இந்தியாவுக்கு வெளியே எடுத்துவர முடியாது. அவை அங்கேயே நல்ல கையில் இருப்பதுதான் சரி.

2016-ல் லீவுக்குப் போனபோது, பெங்களூரில் தம்பி வீட்டில் அந்த பைண்டிங் தொகுதிகளைப் புரட்டினேன். ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் பாதிதான் கதை. மீதிப் பாதியில் ஒரு விளம்பரம், அதன் ஓரத்தில் பென்சிலில் தாத்தா எழுதிய மளிகைக் கணக்கு. துவரம் பருப்பு, வெல்லம், மண்ணெண்ணெய். பைண்டர் வெட்ட முடியாமல் விட்டது. கதையை விட்டுவிட்டு அந்தக் கணக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பெட்டி முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும். அதில் என்னென்ன இருந்தது என்று அம்மாவிடம் இப்போது கேட்டால், "எல்லாம் பழைய பேப்பர்தாண்டா, விடு" என்கிறார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறார் என்று தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே ஏணி வைத்துப் பரண் ஏறிப் பாருங்கள். போனில் முடிவு சொல்லிவிடாதீர்கள்.