ஓடும் கருவியில் அட்டை செருகுதல்: ‘ஐ-ஆஃப்’ வரியின் காலம்

மின்சாரத்தை நிறுத்தாமல் அட்டையைக் கழற்றிச் செருகும் வசதியை டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனத்தின் பயன்பாட்டுக் குறிப்புகள் படிகளாக அடுக்குகின்றன. பாதுகாப்பே இல்லாதது பூச்சியம். மின்சாரம் அற்ற சிப்பின் வழியே மின்னோட்டம் புகாமல் தடுக்கும் ‘ஐ-ஆஃப்’ முதற்படி. மின்னழுத்தம் ஏறும்வரை வெளியீட்டைத் துண்டித்து வைப்பது இரண்டாம் படி. செருகும்போது குறிகை முனைகள் இணையுமுன்பே அவற்றுக்கு முன்னழுத்தம் ஏற்றுவது மூன்றாம் படி. வடிவமைப்பாளருக்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் இதையே வரலாறாகவும் படித்துவிடுகிறோம். அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை.

முதலில், பூச்சியத்திலிருந்து யாரும் புறப்படவில்லை. பழைய டிடிஎல் சிப்பின் உள்ளீட்டில் தரைப்பக்கம் மட்டுமே டையோடு உண்டு. மின்வழங்கி முனையான விசிசி பக்கம் கிடையாது. எனவே அணைந்த அட்டையின் உள்ளீட்டில் 5 வோல்ட் வந்தாலும் அதன் மின்வழங்கிக்குள் அது ஏறாது. 1980களில் பரவிய ஹெச்சி என்னும் சீமாஸ் குடும்பத்தில்தான் மெல்லிய கேட் ஆக்சைடை நிலைமின் தாக்குதலிலிருந்து காக்க விசிசி பக்கமும் டையோடு வைத்தார்கள். அணைந்த அட்டைக்குள் மின்சாரம் திருட்டுத்தனமாக நுழைந்தது அந்த வழியாகத்தான். ஓர் ஆபத்தைத் தடுக்கப்போய் இன்னொன்றுக்குக் கதவு திறந்தது. ஐ-ஆஃப் புதிதாக ஏறிய படியன்று, இழந்ததை மீட்ட முயற்சி.

இனி எல்விசி குடும்பத்தின் 74எல்விசி245ஏ என்னும் இருவழிச் சிப்பின் தரவுத்தாளில் ஐ-ஆஃப் பற்றிய ஒரு வரி: விசிசி 0, முனையில் 5.5 வோல்ட்; கசிவு ±10 மைக்ரோஆம்பியருக்குள். 74ஏபிடி245பி தாளில் இதே வரி 4.5 வோல்ட், ±100 மைக்ரோஆம்பியர். ஹெச்சி தாளில் இந்த வரியே இல்லை. டையோடு தாங்கும் ±20 மில்லிஆம்பியர் வரம்பு மட்டும் உண்டு. எல்விசி தாளின் தலைப்பில் ஜனவரி 1993 என்றிருக்கிறது. ஐ-ஆஃப் வரிக்கும் அதுவே காலம் எனக் கொள்வது பிழை. திருப்பணியின்போது பழைய ஆட்சியாண்டோடு மீண்டும் வெட்டப்பட்ட கோயில் கல்வெட்டைப் போல, முதல் வெளியீட்டின் தேதியே ஒவ்வொரு திருத்தத்திலும் தொடர்கிறது. ‘ஏ’ இல்லாத முதல் எல்விசி245இன் இருவழி முனைகள் விசிசிக்கு மேல் 0.5 வோல்ட் வரைதான் தாங்கும். அதாவது மேல் டையோடு அங்கே இன்னும் இருக்கிறது. ஆகவே எல்விசி தாளில் அந்த வரி 1993க்குப் பிந்தியது. 1990களின் நடுப்பகுதி என்பது என் கணிப்பு. அதற்குமேல் இறுக்கிச் சொல்லத் தாள்கள் இடம் தரவில்லை.

மூன்றாம் படியோ அதற்கு முன்பே வந்துவிட்டது. பியூச்சர்பஸ்+ என்னும் பொதுத்தட வரையறையும் அதன் பிடிஎல் மின்தரமும் 1991க்கு உரியவை. அந்தக் குடும்பச் சிப்புகளிலேயே முன்னழுத்தத்துக்குத் தனி முனை இருக்கிறது. படிகள் வந்த வரிசை வேறு, எண்ணப்பட்ட வரிசை வேறு.

இந்த வரிசை மாற்றத்துக்குக் களத்தின் தேவையே காரணம் என்று நினைக்கிறேன். இதற்கு நேர்ச்சான்று குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டாக, 1984இல் தொடங்கிய இந்தியத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், தருமபுரி மாவட்டத்தைப் போன்ற வெயிலும் தூசும் மிகுந்த ஊர்ப்புறங்களுக்காகக் குளிர்சாதனம் வேண்டாத 128 முனை ஊரகத் தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. முதல் நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அமைந்தது. அப்படிப்பட்ட நிலையத்தில் ஓர் அட்டை பழுதானால் ஊர் முழுவதன் பேச்சையும் நிறுத்தி அதை மாற்ற முடியாது. பல அட்டைகள் ஒரே தடத்தைப் பகிரும் இத்தகைய கருவிகளில், செருகும் கணத்தில் தடத்தில் எழும் துடிப்பே முதல் பகை. சிப்பின் ஆயுள் அடுத்த கவலைதான். தடத்தைக் காக்கும் முன்னழுத்தம் முந்தியதையும், சிப்பைக் காக்கும் ஐ-ஆஃப் சீமாஸ் குடும்பத்துக்குப் பிந்தி வந்ததையும் படிக்கட்டு வாசிப்பால் விளக்க முடியவில்லை.