புள்ளிக்குப் பெயர் வைப்பது

நங்கநல்லூர் மொட்டை மாடிகளுக்கு மேல தாழப் பறந்து மீனம்பாக்கத்துல இறங்குற விமானம், ரேடார் கேட்டதும் தன் அடையாளத்தைத் தானே சொல்லிடும். டிரான்ஸ்பாண்டர்னு அதுக்கு ஒரு கருவி இருக்கு. பெரிய கப்பல்களிலும் தன் பெயரை அறிவிக்கிற ஏஐஎஸ் உண்டு. சின்ன மீன்பிடிப் படகு? பெரும்பாலும் வாய் திறக்காது. மரமும் ஃபைபரும் ரேடார் சிக்னலைக் கொஞ்சமாத்தான் திருப்பி அனுப்பும். கடல் அலைகளின் எதிரொலி வேற அதை மூடிடும்.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடத்தியது 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகை. ரேடாரில் பட்டிருந்தாலும் மீன்பிடிப் படகாகத்தான் பட்டிருக்கும். ஏன்னா அது மீன்பிடிப் படகேதான்! அதன்பிறகு முதல் கட்டமாக 46 கடலோர ரேடார் நிலையங்கள் வந்தன; பல, கலங்கரை விளக்கங்களிலேயே.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் தவறு எதிர்த்திசையில் நடந்தது. 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த வீரர்கள், நெருங்கி வந்த படகைச் சுட்டார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்தப் படகு கப்பலின் ரேடாரில் தெரிந்ததுதான்.

எதிரொலியின் நீளம், வேகம், ஆட்டம் இதையெல்லாம் வைத்து 'இது எந்த வகைப் படகு' என்று ஓரளவு ஊகிக்கலாம். 'உள்ளே யாரு, எதுக்கு வர்றாங்க' என்பது எதிரொலியில் வராது. இரண்டையும் ஒன்னுன்னு எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு 2008-ம் 2012-ம் காட்டுது.