அப்பா கட்டிய வீட்டின் மேல் இன்னொரு மாடி: நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நம்பலாமா?

சென்னைப் புறநகரில் தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. மொட்டை மாடியின் மூலைகளில் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். 'பசங்க தலையெடுத்ததும் மாடி ஏத்திக்கலாம்' என்று 1980களிலும் 90களிலும் வீடு கட்டியவர்கள் விட்டுவைத்த கம்பிகள் அவை.

இப்போது பசங்க தலையெடுத்தாச்சு. கல்யாணம், குழந்தை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு படுக்கையறை போதவில்லை. தனி ஃப்ளாட் வாங்கப் பணம் பத்தாது. அப்பா அம்மாவை விட்டுப் போகவும் மனசு வராது. சரி, மாடி கட்டிடலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டால், அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கம்பி விட்டிருக்கு தம்பி, தாராளமா ஏத்தலாம்" என்பார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மாடி கட்டும் எண்ணம் அப்பாவுக்கு இருந்தது என்பதை மட்டுமே அந்தக் கம்பி சொல்லும். பூமிக்கடியில் உள்ள அஸ்திவாரம் பற்றி அது எதுவும் சொல்லாது.

அறை எங்கே, பால்கனி எங்கே என்று வரைவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். வீடு தாங்குமா? அனுமதி கிடைக்குமா? கட்டி முடித்த பிறகு அந்த மாடி யாருக்குச் சொந்தம்?

ஒரு மாடி எத்தனை டன்?

தோராயமாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாடியின் பரப்பு 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர். வழக்கமான செங்கல் சுவர், கான்கிரீட் கூரை.

- 5 அங்குல கான்கிரீட் கூரை: சுமார் 29 டன்
- 9 அங்குல வெளிச்சுவர், நாலரை அங்குல உள்சுவர், பூச்சு: சுமார் 65 டன்
- பீம், பில்லர்: சுமார் 15 டன்
- தரை டைல்ஸும் அதன் அடியில் போடும் சிமென்ட் கலவையும்: சுமார் 9 டன்
- புதிய மொட்டை மாடியின் வெதரிங் கோர்ஸ்: சுமார் 14 டன்
- ஆட்கள், கட்டில், பீரோ: இந்தியத் தர விதி ஐஎஸ் 875, வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் சுமார் 18 டன்

மொத்தம் 150 டன். பழைய மொட்டை மாடியில் இருக்கும் சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் பெயர்த்து எடுத்தால் ஏறத்தாழ 15 டன் குறையும். மீதி 135 டன். வீட்டுக்கு 12 பில்லர் என்றால், ஒவ்வொன்றின் மேலும் சராசரியாக 11 டன் புதிதாக ஏறும். நடுவில் இருக்கும் பில்லருக்கு இன்னும் அதிகம்.

இனி அடியில் பார்ப்போம். தரைத்தளத்தின் எடையே ஏற்கெனவே ஒரு பில்லருக்குச் சராசரியாக 11, 12 டன் இருக்கும். பில்லரின் அடியில் 4 அடிக்கு 4 அடி கான்கிரீட் பாதம் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மண் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கக்கூடியது என்றால், அந்தப் பாதத்தை நம்பி ஏற்றக்கூடிய எடை சுமார் 15 டன்தான். மாடி வந்தால் 22 டன்னைத் தாண்டும். மேலே எவ்வளவு நல்ல கம்பி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கெட்டியான மண்ணும் பெரிய பாதமும் இருந்தால் இதே வீடு சிரமமில்லாமல் தாங்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளிலும், ஏரியை ஒட்டிய களிமண் பகுதிகளிலும் கூடுதல் எச்சரிக்கை தேவை. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிவிட்டார் என்பது உங்கள் வீட்டுக்கு ஆதாரம் ஆகாது.

உங்களுடையது பில்லர் வீடா, சுவர் வீடா?

அந்தக் காலத்தில் கட்டிய பல புறநகர் வீடுகளில் எடையைத் தாங்குவது சுவர்தான். லோட் பேரிங் என்று சொல்வது இதைத்தான். லிண்டலும் கூரையும் மட்டும் கான்கிரீட்டில் இருக்கும். மூலையில் கம்பி தெரிவதால் மட்டும் அது பில்லர் வீடு ஆகிவிடாது. அந்தக் கம்பி அஸ்திவாரம் வரை போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுவர் வீட்டின் மேலும் மாடி கட்ட முடியும். ஆனால் மேல் சுவர் கீழ்ச் சுவரின் மேலேயே உட்கார வேண்டும். கீழே ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை இடித்துவிட்டு, அதே நேரத்தில் மேலே மாடியும் கட்டுவது ஆபத்தான வேலை. பழைய வீடுகளில் ஒரே சமயத்தில் கேட்கப்படும் இரண்டு ஆசைகள் இவை.

வீடு கட்டிய ஆண்டையும் கவனியுங்கள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 விதியின் 1978 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தை அனுமதித்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் குறைந்தபட்சம் எம்20 ஆனது. 2001 ஜனவரியில் குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002இல் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. ஆக, 1990களில் விதிப்படி ஒழுங்காகக் கட்டிய வீடுகூட, இப்போதைய அளவுகோலில் ஒரு படி கீழேதான் நிற்கும்.

என்னென்ன சோதனை செய்யணும்?

முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு இருக்கட்டும். பிளான் வரைந்து தருபவர் வேறு, பலம் கணக்கிடுபவர் வேறு. அவர் செய்ய வேண்டியவை இவை:

1. ஒன்றிரண்டு இடங்களில் பில்லர் அல்லது சுவர் ஓரமாகக் குழி தோண்டி, அஸ்திவாரத்தின் அகலம், ஆழம், அடியில் உள்ள மண் ஆகியவற்றைப் பார்ப்பது. இது இல்லாமல் வரும் எந்த அறிக்கையும் பாதி அறிக்கைதான்.
2. ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனை. கான்கிரீட்டை உடைக்காமல் அதன் தரத்தை மதிப்பிட உதவுபவை. சந்தேகம் வந்தால் சிறு உருளையாக வெட்டி எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள்.
3. கார்பனேஷன் சோதனை. பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே பினாப்தலீன்தான். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், நல்ல பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், கம்பிக்குத் துருவிலிருந்து இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.
4. பில்லருக்குள் எத்தனை கம்பி, என்ன கனம், எவ்வளவு இடைவெளியில் வளையம் என்பதைக் கருவி வைத்தோ, கொஞ்சம் பூச்சை உடைத்தோ பார்ப்பது.

நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கும் சோதனை உண்டு. 12 மி.மீ. கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்க்க ஏறத்தாழ 2 அடி நீளம் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். முப்பது வருஷம் மழையில் நின்று மெலிந்துபோன ஒரு அடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் அந்த இணைப்பை நம்ப முடியாது. கம்பி போதாவிட்டால் துளையிட்டு, ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நடும் முறை இருக்கிறது. அதையும் இன்ஜினியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

'தாங்காது' என்று சொல்லிவிட்டால்?

கதை அங்கே முடிந்துவிடாது. முதல் வழி, எடையைக் குறைப்பது. மேலே உள்ள கணக்கில் வெளிச்சுவரில் செங்கல் மட்டும் 46 டன். அதையே 8 அங்குல ஏஏசி பிளாக்கில் கட்டினால் சுமார் 13 டன்தான். ஒரே முடிவில் 30 டன்னுக்கு மேல் மிச்சம். ஒரு அறையும் ஒரு குளியலறையும் போதும் என்றால் ஸ்டீல் ஃப்ரேமில் இன்னும் எடை குறைவாகக் கட்டலாம். தண்ணீர் தொட்டியையும் மறக்க வேண்டாம். 2,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 2 டன்.

இரண்டாவது, பில்லரையும் பாதத்தையும் சுற்றிக் கூடுதல் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தும் ஜாக்கெட்டிங். செலவு அதிகம், கீழே தரையை உடைக்க வேண்டும், அப்பா அம்மா சில மாதம் வேறு வீட்டில் இருக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, காலி இடம் இருந்தால் பக்கவாட்டில் கட்டுவது. புதுப் பகுதி தனி அஸ்திவாரத்தில் நிற்கும். கொஞ்சம் கீழே இறங்கவும் செய்யும். அதனால் பழைய சுவரோடு ஒட்டிப் பூசாமல் நடுவில் இடைவெளி விட்டுக் கட்டணும். இல்லாவிட்டால் சேருமிடத்தில் விரிசல் உறுதி.

பலப்படுத்தும் செலவு புது வீட்டுச் செலவை நெருங்கினால், இடித்துக் கட்டுவதே மேல் என்று இன்ஜினியரே சொல்வார். கேட்கக் கசக்கும். பாதி கட்டிய பிறகு கேட்பதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அனுமதிக்கு என்ன செய்யணும்?

மேல்தளம் கட்டுவதற்கும் அனுமதி வேண்டும். 'நம்ம வீட்டு மேலதானே கட்டுறோம்' என்பது செல்லாது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொருந்தும். பெங்களூரிலோ புனேயிலோ வீடு என்றால் அந்த ஊர் விதியைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் சாதாரண வீடுகளுக்கு எஃப்எஸ்ஐ 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். கீழே 1,000, மேலே 1,000 என்றால் எஃப்எஸ்ஐ தடையே இல்லை. பழைய வீடுகள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்: சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் போதாமல் இருப்பது, பழைய பிளானுக்கும் கட்டிய வீட்டுக்கும் பொருந்தாமல் இருப்பது, மனையே அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் இருப்பது.

கடைசிச் சிக்கல் புறநகரில் சாதாரணம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகளில் பல, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் இல்லாதவை. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் திட்டம் வந்தது. உங்கள் மனை வரன்முறை ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும்.

சிறிய வீடுகளுக்குக் கள ஆய்வு இல்லாமலே ஆன்லைனில் அனுமதி தரும் சுயசான்று திட்டம் 2024இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. வேலை சுலபம்தான். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்கு 'வீடு தாங்கும்' என்று அரசு சொல்லிவிட்டதாக அர்த்தம் இல்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையதும் உங்கள் இன்ஜினியருடையதும்தான்.

கடன் உங்களுக்கு, வீடு அப்பா பேரில். அப்புறம்?

இதைப் பற்றிப் பேச எந்தக் குடும்பத்துக்கும் சங்கடமாக இருக்கும். ஆனால் பேசாமல் விட்டால் பின்னால் வரும் வலி பெரியது.

வீடு அப்பா பேரில் இருந்தால், கடனில் அவரும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர வேண்டும் என்று வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும் கிடைக்கும். மீதி உங்கள் கையிலிருந்து.

வருமான வரியில் வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவு வீட்டின் உரிமையாளருக்கு உள்ளது. இஎம்ஐ முழுவதையும் நீங்கள் கட்டினாலும், வீட்டில் பங்கு இல்லையென்றால் அந்தக் கழிவை எதிர்பார்க்க முடியாது. உரிமையாளராக இருந்து புதிய வரி முறையில் இருந்தாலும், நீங்களே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது. 'டாக்ஸ் மிச்சமாகும்' என்று கணக்கு போட்டுக் கடனைக் கூட்டியிருந்தால், அந்தக் கணக்கை மறுபடி பாருங்கள்.

இதைவிடப் பெரியது வாரிசுரிமை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு. அம்மா, நீங்கள், தங்கை என்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. நீங்கள் 30 லட்சம் போட்டுக் கட்டிய மாடி தனியாகப் பிரித்துத் தரப்படும் என்று எந்தக் காகிதமும் இல்லையென்றால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்.

தங்கையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிலத்தின் மதிப்பு அப்பாவுடையது. அதில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால் கட்டத் தொடங்கும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்பா உயில் எழுதலாம். அல்லது பிரிக்கப்படாத நிலப் பங்கோடு மேல்தளத்தை உங்களுக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு.

பெற்றோருக்கும் பாதுகாப்பு வேண்டும். எழுதும் பத்திரத்தில், தங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் சேர்க்கலாம். அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோர 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது. வாழ்நாள் முழுவதும் கீழ்த்தளத்தில் வசிக்கும் உரிமையையும் எழுதிக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் போடும்போது

சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து கான்ட்ராக்டர்களை ஒப்பிடாதீர்கள். பழைய வெதரிங் கோர்ஸை உடைத்து அள்ளுவது, வெளிப்படிக்கட்டு, தொட்டியை இடம் மாற்றுவது, வேலை நடக்கும்போது மழை வந்தால் கீழ்வீட்டில் ஒழுகாமல் பாதுகாப்பது, இடிபாட்டை அகற்றுவது ஆகியவை பெரும்பாலும் அந்த ரேட்டுக்கு வெளியேதான் இருக்கும். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி வாங்குங்கள். முன்பணத்தைக் குறைத்து, வேலை முடிய முடியப் பணம் தருவதாக ஒப்பந்தம் இருக்கட்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; மொட்டை மாடியைத் திறந்துபோடும் வேலையை அதற்குள் மாட்டவிடாதீர்கள்.

வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்: முதலில் பத்திரமும் பழைய பிளானும், அடுத்து அஸ்திவாரக் குழியும் சோதனையும், பிறகு குடும்பப் பேச்சு, அதன் பின் வரைபடம், அனுமதி, கடன், கடைசியில் கான்ட்ராக்டர். இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால், வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்கு எத்தனை அடி தோண்டினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும். அவர் சொன்னதைக் குறித்துவைத்து, குழி தோண்டும் நாளில் இன்ஜினியரிடம் கொடுங்கள்.