பெண்ணையாற்றுப் படைகள் – 7: கரைக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர்

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்கு வந்ததுண்டா? அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். ஆற்று மணல் கண்ணில் படாத அளவுக்குக் கூட்டம் நிற்கும். அந்தத் தென்பெண்ணையின் கரையைப் பிடித்தபடி கிழக்கே நடந்தால் திருக்கோவிலூர், அதற்கப்புறம் கடலூர், அதற்கப்புறம் கடல்.

போன வாரம் அந்தக் கடலோரத்தில்தான் நிறுத்தினோம். 1758 ஏப்ரல் 29. கடலில் பீரங்கி முழக்கம். ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிக்கொண்டிருந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தஷே. அதற்கு முந்தின நாள்தான் புதுச்சேரியில் கால் வைத்திருந்தார் தரைப்படைத் தளபதி லாலி.

லாலி அயர்லாந்து வம்சம். வீரத்துக்குக் குறைவில்லை, நாக்குக்குத்தான் கடிவாளமில்லை. வந்த சூட்டோடு கடலூரைப் பிடித்தார். ஜூன் 2ஆம் தேதி தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையும் விழுந்தது. ‘அடுத்தது சென்னைப்பட்டணம், கிளம்புங்கள்’ என்றார் தஷேயிடம்.

தஷே அசையவில்லை. மாலுமிகளுக்குச் சீக்கு, தண்ணீர் இல்லை, உணவில்லை என்று காரணங்களை அடுக்கினார். லாலியின் கையில் பிரெஞ்சு மன்னரின் நியமனம் இருந்தது, இந்தியாவிலிருந்த தரைப்படை முழுதும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. கப்பல்கள் மட்டும் கட்டுப்படவில்லை! கடற்படைக்கு ஆணையிட அவருக்கு அதிகாரம் தரப்படவில்லை. இருவருக்கும் மேலே ஒரே ஆள் பிரான்ஸ் மன்னர்தான். அவரிடம் முறையிட்டுப் பதில் வாங்குவதற்குள் இங்கே இரண்டு மழைக்காலம் போய்விடும்.

கப்பல் இல்லாமல் சென்னை இல்லை, பணம் இல்லாமல் படை இல்லை. லாலி தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பினார், ராஜாவிடம் பழைய கடன் பத்திரத்தைக் காட்டி ஐம்பத்தாறு லட்சம் வசூலிக்க. வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் கொள்ளையிட்டார், ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்ட அந்தணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். படைக்கு மூட்டை தூக்க, வண்டி இழுக்க, புதுச்சேரியில் சாதி பார்க்காமல் எல்லாரையும் பிடித்துப் போட்டார். சமத்துவமெல்லாம் இல்லை, சாட்டைதான். இத்தனை பகையையும் சம்பாதித்துக்கொண்டு தஞ்சைக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினம் கடலில் தஷேவுக்கு இரண்டாவது அடி. அவரே காயப்பட்டார். செய்தி வந்ததும் லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

புதுச்சேரியில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. லாலியும் கவுன்சிலும் மன்றாடினார்கள். தஷேயும் அவருடைய கப்பல் தலைவர்களும் ஒரே பேச்சாக நின்றார்கள்: மொரீஷியஸ் போகிறோம். செப்டம்பர் தொடக்கத்தில் பாய்களை விரித்துவிட்டார்கள்.

‘துரோகி’ என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். பழைய வரலாற்று நூல்கள் பலவும் அதைத்தான் செய்தன. எனக்கு மனம் ஒப்பவில்லை. சோழமண்டலக் கரையில் அன்று ஒரு நல்ல துறைமுகம் கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரையேற வேண்டும். ஐப்பசியில் புயல் கிளம்பினால் ஒதுங்க இடமில்லை. ஆங்கிலேய அட்மிரல் போக்காக்கும் அந்த மழைக்காலத்துக்குச் சென்னையை விட்டுப் பம்பாய்க்குத்தான் போனார்! அங்கே அவருக்குக் கப்பல் பழுது பார்க்கும் துறை இருந்தது. தஷேவுக்கு வாய்த்த மொரீஷியஸில் மாலுமிகளுக்குப் போதிய சோறே இல்லை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைவரை ஆள் அனுப்பி வாங்கிவர வேண்டியிருந்தது.

போக்காக் மட்டும் என்ன, சென்னையின் தளபதி லாரன்ஸுக்குக் கீழ்ப்பட்டவரா? அதுவும் இல்லை. அங்கும் கரைக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர்தான். ஆனால் 1758 டிசம்பரில் லாலி தனியாகப் போய்ச் சென்னையை முற்றுகையிட்டு, சுவரில் பிளவும் போட்டுவிட்ட நேரத்தில், பிப்ரவரி 16ஆம் தேதி அடிவானில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்தன. இரவோடு இரவாக முற்றுகை கலைந்தது.

படைகளுக்கெல்லாம் ஒரே தலைமை வேண்டுமா என்று நம் நாட்டில் இன்று நடக்கும் வாதத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 2020 ஜனவரி 1 அன்று முப்படைகளுக்கும் முதல் தலைமைத் தளபதியாக பிபின் ராவத் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மூன்று படைகளையும் ஒரே ஆளின் கீழ் வைக்கும் கட்டளையகம் அந்தமானில் 2001லேயே வந்தாயிற்று. நாடு முழுக்க அப்படிச் செய்யலாமா என்றால், இருக்கிற கொஞ்ச விமானங்களைப் பங்கு போடாதீர்கள் என்கிறது விமானப்படை. கனடா 1968இல் சீருடை உட்பட எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்த்தது. பின்னாளில் தனித்தனிச் சீருடை திரும்பி வந்துவிட்டது.

லாலியின் கையில் கப்பல்களையும் கொடுத்திருந்தால்? அந்த அக்டோபரில் அவற்றைச் சென்னைக்கு முன்னால் நிறுத்தி, புயலுக்குப் படையல் வைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்குக் கோட்டைச் சுவர் தெரியும், காற்று தெரியாது. புதுச்சேரிக்கு வேண்டியிருந்தது இரண்டையும் கேட்டுக்கொண்டு ‘இதுதான் முடிவு’ என்று சொல்லும் ஒருவர். அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

1759 செப்டம்பரில் தஷே திரும்பி வந்தார். பரங்கிப்பேட்டைக்கு அப்பால் மூன்றாவது சண்டை, அதிலும் வெற்றியில்லை. கொஞ்சம் பணம், கொஞ்சம் ஆட்களை இறக்கிவிட்டு, கிளம்புகிறேன் என்றார். புதுச்சேரியே கொதித்தது. இந்நாடு கைவிட்டுப் போனால் பழி உம்முடையது என்று கவுன்சில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியது. அதனாலும் சில நாள்தான் தாமதம். போனவர் திரும்பவே இல்லை.

1760 ஜனவரி 22. வந்தவாசியில் லாலி நொறுங்கினார். ஒவ்வொரு கோட்டையாகப் போனது. புதுச்சேரிக்குள் அரிசி குறையத் தொடங்கியது. கடலிலிருந்து உதவி வராது என்று தெரிந்த மனிதர் முதன்முறையாக மலைப்பக்கம் பார்த்தார். அங்கே, கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், தியாகதுருகம் குன்றின்மேல் இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது.

அந்தக் கோட்டையையே விலையாக வைத்தார் லாலி. வாங்க வந்தவர் மைசூரின் ஹைதர் அலி. கோட்டைக்குப் பதில் குதிரைப்படையும், புதுச்சேரிக்கு மாடுகளும் தானியமும். ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிந்தது. மைசூர்க் குதிரைகள் கணவாய் இறங்கிப் பெண்ணையாற்று நாட்டுக்குள் நுழைந்தன. புதுச்சேரி மதில்மேல் ஆட்கள் மேற்கே பார்த்தபடி காத்திருந்தார்கள்.

தியாகதுருகத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் திருவதிகை. அங்கே, மேஜர் மூர் என்பவரின் தலைமையில் ஓர் ஆங்கிலேயப் படை வழியை மறிக்க வந்துகொண்டிருந்தது.

(அடுத்த வாரம்: திருவதிகையில் ஜூலை 17)